ஒரு கல்லறையும் ஒரு கட்டிலும்

மரணசாதனம் என்ற சொல்லை எம்மவர் வீடுகளில் உரத்துச் சொல்வதில்லை. யாராவது பேச்செடுத்தால், "ஏன் இப்ப உந்தக் கதை?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் உயில் என்பதை எங்கள் ஊர்களில் மரணசாதனம் என்றே வழங்கினார்கள். பெயரிலேயே மரணம் வந்து நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, காணி உறுதிகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தத் தெரிந்த நாம், எமக்குப் பின் அவை யாருக்கு என்று எழுதிவைக்கப் பின்நிற்கிறோம்.

1983இற்குப் பின்னர் இருபது வயதில் சுவிஸில் வந்து இறங்கியவர்கள் இன்று ஓய்வு பெறும் வயதில் நிற்கிறார்கள். உணவகக் குசினிகளிலும் வைத்தியசாலைச் சலவைப் பகுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்த காலம் முடிந்துகொண்டிருக்கிறது. கையில் கொஞ்சச் சேமிப்பு, சிலருக்கு இங்கே ஒரு வீடு, பலருக்கு ஊரில் ஒரு துண்டுக் காணி. பிள்ளைகள் உள்ளவர்கள் இருக்கிறார்கள். தம்பி தங்கைகளைக் கரைசேர்த்துத் தாம் தனித்துப் போனவர்களும் இருக்கிறார்கள். இதில் ஒரு பங்கையாவது பொதுக் காரியத்துக்கு விட்டுப்போக வேண்டும் என்று நினைப்பவர்கள் குறைவில்லை. ஆனால் எங்கே, யாருக்கு என்ற கேள்வியில் தடுக்கி நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வி எமக்கு மட்டும் உரியதல்ல. சொந்த ஊரை இழந்த இருவர் நாம் வாழும் இதே நாட்டில் அதற்கு இரண்டு விதமாகப் பதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் ஜெனீவாவுக்குத் தப்பி வந்தவர். மற்றவர் ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்டவர்.

*

ஐ.நா. முன்றலில் ஊர்வலங்களுக்காக ஜெனீவா போய்வந்த எம்மவர் பலருக்கு ஏரிக்கரை தெரிந்திருக்கும். மொண்ட் பிளாங் துறையோரமாக நடந்தால், கோபுரம் போன்ற ஒரு கற்கட்டடம் பூங்காவின் நடுவே நிற்கும். அது கோவிலல்ல. பிறவுன்ஸ்விக் கோமகன் இரண்டாம் சார்ள்ஸின் கல்லறை.

இவர் ஜேர்மன் சிற்றரசுகளில் ஒன்றான பிறவுன்ஸ்விக்கை ஆண்டவர். 1830இல் மக்கள் கிளர்ந்தெழுந்து அரண்மனைக்குத் தீ வைத்தபோது நாட்டை விட்டு ஓடினார். பின்னர் ஒருபோதும் அரியணை கிட்டவில்லை. லண்டனிலும் பாரிஸிலும் வைரங்களோடும் விசித்திரங்களோடும் காலம் கழித்தார். சதுரங்கம் ஆடுபவர்கள் இவரை வேறு வழியில் அறிந்திருப்பார்கள்: 1858இல் பாரிஸ் இசைநாடக அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் போல் மோர்பியிடம் தோற்ற இருவரில் ஒருவர் இவர்தான். 1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் பாரிஸை விட்டு ஜெனீவாவுக்கு வந்தார். 1873 ஆகஸ்ட் 18ஆம் திகதி, ஏரிக்கரையிலுள்ள போ-றிவாஜ் விடுதியில் இறந்தார்.

அவருடைய மரணசாதனத்தைத் திறந்தபோது நகரமே திகைத்தது. இரண்டு கோடி பிராங்குக்கு மேற்பட்ட சொத்து முழுவதும் ஜெனீவா நகரத்துக்கே எழுதப்பட்டிருந்தது. அக்காலத்தில் அது ஒரு நகரம் கனவிலும் காணாத தொகை. நிபந்தனை ஒன்றுதான். இத்தாலியின் வெரோனா நகரில் உள்ள ஸ்காலிஜர் பிரபுக்களின் கல்லறையைப் போல, எல்லோரும் பார்க்கக்கூடிய சிறந்த இடத்தில் தனக்கு ஒரு கல்லறை எழுப்பவேண்டும்.

நகரம் ஒப்புக்கொண்டது. 1879இல் கல்லறை எழும்பியது. அதே ஆண்டில், அந்தப் பணத்தில் கட்டிய பெரிய இசைநாடக அரங்கும் திறக்கப்பட்டது. கல்லறை உச்சியில் ஏற்றிய குதிரைவீரர் சிலையின் பாரத்தைக் கட்டடம் தாங்காதென்று பின்னர் அதைக் கீழே இறக்கிப் பக்கத்தில் வைத்தார்கள். கோமகன் இன்றும் குதிரையோடு தரையில்தான் நிற்கிறார்.

இதைப் படித்துச் சிரிப்பது சுலபம். ஆனால் நாட்டை இழந்த ஒருவருடைய ஏக்கமும் அதில் இருக்கிறது. தன்னை விரட்டிய ஊரில் கிடைக்காத இடத்தைப் புகலிடம் தந்த ஊரில் விலைகொடுத்து வாங்கினார். அவர் கொடுத்தது தருமமா வியாபாரமா என்று ஜெனீவா மக்கள் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அரங்கில் இசை கேட்கிறார்கள்.

*

கோமகன் ஜெனீவாவுக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, அந்த நகரத்தில் பிறந்த ஒருவர் அதைவிட்டு வெளியேறியிருந்தார். ஹென்றி டுனாண்ட்.

அவர் கதையின் முதற்பாதியை எமது பாடப்புத்தகங்களிலேயே படித்திருக்கிறோம். 1828இல் பிறந்தார். 1859 ஜூன் 24ஆம் திகதி நடந்த சொல்பெரினோ சண்டையில் காயப்பட்டுக் கிடந்தவர்களைக் கண்டு, அயலிலுள்ள ஊர்ப் பெண்களைத் திரட்டிப் பணிவிடை செய்தார். 1862இல் அதைப் பற்றி நூல் எழுதித் தன் செலவில் அச்சிட்டார். 1863இல் ஜெனீவாவில் ஐவர் குழு கூடியது. அதுவே செஞ்சிலுவைச் சங்கமானது. 1864 ஆகஸ்ட் 22ஆம் திகதி முதலாவது ஜெனீவா உடன்படிக்கை கைச்சாத்தானது.

இரண்டாம் பாதியை எமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அல்ஜீரியாவில் அவர் நடத்திய தொழில் முறிந்தது. 1867இல் அவர் தொடர்புபட்ட வங்கியும் வீழ்ந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பிராங்க் கடன். குடும்பத்தாரும் நண்பர்களும் போட்ட பணமும் அதற்குள் போயிற்று. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அவரே தோற்றுவித்த குழு அவரை வெளியேற்றியது. கல்வின் மதநெறி ஊறிய அந்த நகரத்தில் கடனாளியாக நிற்பதைவிடப் பெரிய அவமானமில்லை. 1867இல் ஜெனீவாவை விட்டுப் போனவர் பின்னர் ஒருநாளும் அங்கே காலடி வைக்கவில்லை.

பாரிஸில் பசியோடு அலைந்தார். ஸ்டுட்கார்ட், ரோம் என்று ஊர் ஊராகத் திரிந்தார். 1887இல் சுவிஸின் கிழக்கு மூலையில், போடன் ஏரியைப் பார்த்திருக்கும் ஹைடன் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். 1892இல் அவ்வூர் வைத்தியசாலையில் ஒரு அறை கிடைத்தது. குடும்பத்தார் அனுப்பிய சிறுதொகையே சீவியம். வைத்தியர் ஹெர்மன் அல்தெர் அவரைப் பராமரித்தார். இறக்கும்வரை பதினெட்டு ஆண்டுகள் அந்த வைத்தியசாலையிலேயே இருந்தார். உலகம் அவர் செத்துவிட்டார் என்றே நினைத்திருந்தது. 1895இல் பத்திரிகையாளர் கெயோர்க் பௌம்பெர்கர் அவரைக் கண்டு எழுதிய பின்னரே ஐரோப்பாவுக்கு அவர் உயிரோடிருப்பது தெரிந்தது.

1901இல் முதலாவது நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பஸிக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. முன்னர் வெளியேற்றிய குழுவும் வாழ்த்து அனுப்பியது. அவர் பங்கு 104,000 சுவிஸ் பிராங்க். கடன்காரர் கைவைக்காதபடி, நோர்வே இராணுவ வைத்தியர் ஹான்ஸ் டோயே அதை நோர்வே வங்கியொன்றில் வைப்பதற்கு உதவினார். டுனாண்ட் அதைத் தனக்கென்று செலவழிக்கவில்லை. அதே அறை, அதே கட்டில். 1910 ஒக்டோபர் 30ஆம் திகதி இறந்தார்.

அவர் எழுதிவைத்ததைப் பாருங்கள். ஹைடன் வைத்தியசாலையில் ஏழை ஒருவருக்கு எப்போதும் இலவசமாக ஒரு கட்டில் இருக்கவேண்டும். அதற்கு ஒரு நிதி. நோர்வேயிலும் சுவிஸிலும் உள்ள தரும நிறுவனங்களுக்கும் சில நண்பர்களுக்கும் பங்குகள். மீதி கடன்காரருக்கு. அது கடனில் ஒரு பகுதியை மட்டுமே அடைத்தது. தனக்கென்று அவர் கேட்டது, சடங்குகள் எதுவுமின்றி அடக்கம் செய்யவேண்டும் என்பதுதான். சூரிச்சின் சீல்பெல்ட் மயானத்தில் அடக்கம் நடந்தது.

'இலவசக் கட்டில்' என்பது அக்கால ஐரோப்பிய வைத்தியசாலைகளில் வழக்கத்திலிருந்த தருமம். ஒரு முதலைக் கொடுத்துவிட்டால் அதைத் தொடாமல் வட்டியில் ஒரு நோயாளியைப் பராமரிப்பார்கள். கோவிலில் நித்திய விளக்குக்கு வயல் எழுதிவைத்து, நெல் வருமானத்தில் எண்ணெய் வாங்கியதும் இதே கணக்குத்தான்.

கடனை முற்றாக அடைக்காதவர் தருமம் செய்யலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இன்றைய சுவிஸ் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: இறந்தவரின் கடன்காரருக்குக் கொடுத்த பின்னரே கொடைகளுக்கு இடம். டுனாண்டுக்கும் அந்தக் கடன் கடைசிவரை நெஞ்சை அறுத்த பாரமாகவே இருந்தது. ஆனால் அவர் கடன் என்று எண்ணியதில் வங்கிக் கணக்கு மட்டும் இருக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் படுத்த கட்டிலும் அவருக்கு ஒரு கடனாகவே பட்டிருக்கவேண்டும். பிறந்த ஊரான ஜெனீவாவில் அப்படியொரு கட்டிலை அவர் ஏற்படுத்தவில்லை. இடம் தந்த ஹைடனிலேயே ஏற்படுத்தினார்.

*

டுனாண்டின் கைக்கு வந்த பணமே இன்னொரு நாடோடியின் மரணசாதனத்திலிருந்து வந்தது. அல்பிரட் நோபல் ஒன்பது வயதில் சுவீடனை விட்டுச் சென்றவர். ரஷ்யா, ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி என்று வாழ்ந்தவர். 1895 நவம்பர் 27ஆம் திகதி பாரிஸில், சட்டத்தரணியின் உதவியின்றித் தன் கையாலேயே மரணசாதனத்தை எழுதினார். 1896 டிசம்பர் 10ஆம் திகதி இத்தாலியில் இறந்தார்.

சொத்து மூன்று கோடிக் குரோணருக்கு மேல். ஆனால் எழுத்தில் ஓட்டைகள் பல. பணத்தைப் பொறுப்பேற்கும் நிறுவனம் எதுவும் அப்போது இருக்கவில்லை. பரிசு வழங்கவேண்டும் என்று பெயர் குறித்த அமைப்புகளிடம் முன்கூட்டிக் கேட்கவுமில்லை. உறவினர் எதிர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிக்கல்: இந்த மனிதர் எந்த ஊரவர்? பிரான்ஸ் நீதிமன்றமா, சுவீடன் நீதிமன்றமா? கடைசியில் சுவீடனின் கார்ல்ஸ்கோகா நீதிமன்றமே பொறுப்பேற்றது. அங்கே அவருக்கு ஒரு தொழிற்சாலையும் வீடும் இருந்தன. சொத்தை நிறைவேற்றும்படி அவர் நியமித்த இளைஞர் ராக்னர் சோல்மன் ஓடியாடி உழைத்திராவிட்டால் அந்த எழுத்து கடதாசியாகவே போயிருக்கும். 1900இல் நிறுவனம் உருவாகி, 1901இல் முதற்பரிசுகள் கொடுக்கப்பட்டன.

நோபலுக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. எமது பச்சையப்ப முதலியாருக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள். சென்னையில் பெரும் பொருள் ஈட்டிய அவர், 1794 மார்ச் மாதம் திருவையாற்றில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு மரணசாதனம் எழுதினார். கோவில்களுக்கும் அறங்களுக்கும் பெரும் செல்வத்தை ஒதுக்கினார். அவர் கண்மூடியதும் சொத்து வழக்குகளுக்குள் போயிற்று. பல ஆண்டுகளின் பின், அரச வழக்கறிஞர் ஜோர்ஜ் நோர்ட்டன் போன்றோரின் முயற்சியால் நீதிமன்றம் அதை மீட்டது. குறித்த தருமங்கள் போக எஞ்சிச் சேர்ந்திருந்த பணத்தைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842இல் சென்னையில் பள்ளி திறந்தது. பச்சையப்பன் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. அவர் நினைத்தது விளக்கும் பூசையும். விளைந்தது படிப்பு.

யாழ்ப்பாணத்தின் கதை இன்னும் வேறு. 1706-1707இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தபோது, சொத்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வழிவழியாகப் பிரிந்து கிடந்தது. இறந்தவருடைய விருப்பத்தைவிடக் குடும்பத்தின் உரிமையே பெரிதாயிருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. அதன்படி ஒருவர் தன் சொத்தை யாருக்கும் எழுதலாம். பிள்ளைகளுக்கு எதுவும் விடாமலும் எழுதலாம். ஆனாலும் எம்மவரில் தருமத்துக்கு மனம் வைத்தவர்கள் பெரும்பாலும் சாகும்வரை காத்திருக்கவில்லை. உயிரோடிருக்கும்போதே தருமசாதனம் எழுதினார்கள். கடலுக்கு அப்பாலிருந்த சிதம்பரத்து மடங்களுக்குக் குடாநாட்டுக் காணிகளை எழுதிவைத்தவர்கள் எத்தனையோ பேர். தேசம் கடந்து தருமம் செய்வது எமக்குப் புதியதல்ல.

*

ஊரில் பழகிய இந்தச் சுதந்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு சுவிஸில் எழுதப் புறப்பட்டால் இடறிவிடும். 1907இல் நிறைவேறி 1912இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் குடியியற் சட்டம், பிள்ளைகளையும் வாழ்க்கைத் துணையையும் முற்றாக ஒதுக்க விடுவதில்லை. அவர்களுக்குக் கட்டாயப் பங்கு உண்டு. 2023 ஜனவரி முதலாம் திகதி முதல் அந்தப் பங்கு தளர்த்தப்பட்டிருக்கிறது. துணையும் பிள்ளைகளும் உள்ள ஒருவர், முன்னர் எட்டில் மூன்று பங்கையே விரும்பியவருக்கு எழுதலாம். இப்போது அரைவாசியை எழுதலாம். பெற்றோருக்கிருந்த கட்டாயப் பங்கு முற்றாக நீங்கிவிட்டது. மணமாகாத, பிள்ளையில்லாத ஒருவர் இன்று முழுவதையும் தன் விருப்பப்படி விடலாம். எதுவும் எழுதாமல், சட்டம் ஏற்கும் உறவினர் எவருமின்றி இறந்தால் சொத்து மாநிலத்துக்கோ ஊராட்சிக்கோ போய்ச் சேரும்.

எழுதும் முறை எளிது. முதலெழுத்திலிருந்து கடைசியெழுத்துவரை சொந்தக் கையால் எழுதி, திகதியிட்டு, கையொப்பமிட வேண்டும். கணினியில் தட்டி அச்செடுத்துக் கீழே கையொப்பம் வைத்தால் அது குறைபாடுள்ள சாதனம். வழக்குப் போட்டால் விழுந்துவிடும். கையெழுத்துக் கூடாதவர்கள் இரண்டு சாட்சிகளோடு நொத்தாரிசு முன் செய்யலாம். தரும நிறுவனத்தை வாரிசாக நியமிப்பது வேறு, குறித்த தொகையைக் கொடையாக விடுவது வேறு. வாரிசுக்குக் கடன்களும் சேர்ந்து போகும். கொடை பெறுபவருக்கு அந்தத் தொகை மட்டுமே. மரணசாதனத்தாலேயே ஒரு புதிய அறநிலையத்தையும் நிறுவலாம். ஆனால் சிறுதொகைக்கு அது வீண்செலவு. ஏற்கெனவே ஒழுங்காக இயங்கும் ஒன்றுக்கு எழுதுவதே மேல். 'பென்சன்காச'வில் சேர்ந்த பணம் பொதுவாக இந்தச் சொத்துக்குள் வராது என்பதையும் தெரிந்திருப்பது நல்லது.

ஊர்க்காணிக்கு வேறு கணக்கு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க இலங்கைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். சூரிச்சில் தனியே இருந்து எழுதிய ஒற்றைத் தாளை நம்பி யாழ்ப்பாணத்துக் காணியைப் பாடசாலைக்கு விட முனைந்தால், பின்னால் வருபவர்களுக்கு வழக்குத்தான் முதுசமாகக் கிடைக்கும். இரண்டு நாட்டுக்கும் இரண்டு சாதனம் எழுதுவோர், பிந்தியது முந்தியதை அழித்துவிடாதபடி எது எந்தச் சொத்துக்கு என்று தெளிவாகக் குறிக்கவேண்டும்.

*

சட்டத்துக்கு அப்பால் எமக்குள்ளே ஒரு தயக்கம் இருக்கிறது. பொதுக் காரியம் என்று உழைப்பைக் கொடுத்துக் கணக்குக் கேட்க முடியாமல் நின்ற அனுபவம் எம்மவரில் பலருக்கு உண்டு. அந்தக் கசப்பு நியாயமானதே. அதற்கு மருந்து கொடுக்காமல் விடுவதல்ல. கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரிடம் கொடுப்பது. சோல்மன் போன்ற நம்பிக்கையான ஒருவரை நிறைவேற்றுபவராகப் பெயர் குறிப்பது. ஏற்கப்போகும் நிறுவனத்தை உயிரோடிருக்கும்போதே கேட்டு, அதன் சரியான பெயரை எழுதுவது.

இன்னொன்று, நோக்கத்தை எவ்வளவு இறுக்கி எழுதுவது என்பது. டுனாண்ட் இருந்த வைத்தியசாலைக் கட்டடம் இன்று அவருடைய அருங்காட்சியகம். 1996 முதல் சுவிஸில் மருத்துவக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். ஹைடனில் பிற்காலத்தில் இயங்கிய வைத்தியசாலையும் 2021 முடிவோடு மூடப்பட்டது. கட்டில் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்று அந்தத் தருமத்துக்கு இடமில்லை. வறியவர் நோயில் கைவிடப்படக்கூடாது என்ற எண்ணத்துக்கு என்றும் இடமுண்டு. ஆகவே குறித்த காரியம் நின்றுபோனால் அதற்கு நெருங்கிய வேறு காரியத்துக்குப் போகட்டும் என்று ஒரு வரி சேர்ப்பது புத்தி. பச்சையப்பருக்காக அதை நீதிமன்றம் செய்ய நேர்ந்தது.

எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். ஊருக்கே கொடுக்கவேண்டும், அதுதான் பற்று என்பார் ஒருசாரார். பிள்ளைகளின் நாடு இது, இங்கேயே கொடுக்கவேண்டும் என்பார் இன்னொருசாரார். இந்த வாதத்தில் கோமகனும் டுனாண்டும் எமக்குச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. கோமகன் தன் பெயர் நிலைக்கும் இடம் எது என்று தேடினார். டுனாண்ட் தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தார். பெயரைத் தேடினால் ஒரே இடத்தில்தான் கல் நாட்டலாம். கடனை எண்ணினால் பல இடங்களுக்குப் பங்கு பிரியும். படிப்பித்த பள்ளிக்கூடம், முதல் குளிர்காலத்தில் தங்கவைத்த அகதி முகாமில் மொழி சொல்லித்தந்த தொண்டர் அமைப்பு, பிள்ளையைக் காப்பாற்றிய வைத்தியசாலை, ஊரில் இன்னும் தண்ணீரில்லாமல் கிடக்கும் கிராமம். இவற்றில் எதையும் எழுதுவதற்கு இன்னொன்றை மறுதலிக்கத் தேவையில்லை.

கோமகனைப் போல் கோடிகள் எம்மிடமில்லை. டுனாண்டின் கட்டில் அளவுக்கு, அல்லது அதன் ஒரு காலின் அளவுக்கு, பலரிடம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் போதும். எந்த மொழியில் எழுதவேண்டும் என்று சுவிஸ் சட்டம் கட்டளையிடவில்லை. தமிழிலேயே எழுதலாம். திகதியும் கையொப்பமும் இட மறக்கக்கூடாது.